வித்துவான் எழுதும்வரை காத்திருக்க முடியாது

இசையையும் நாடகத்தையும் பற்றி எழுத அந்தக் கலைகளைக் கற்றவர்களுக்குத்தான் தகுதி உண்டு. விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே அங்கே கலைகளைப் பற்றி இருப்பது எதையும் நம்பக் கூடாது. மலேசியத் தமிழரிடையே இந்தக் கருத்து இன்று கிட்டத்தட்ட எதிர்ப்பில்லாமல் நிலவுகிறது. சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். விழா மலர் தொகுப்பவர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கட்டுரை எழுத உட்கார்ந்தால் முதல் எச்சரிக்கையாக இதுதான் வருகிறது. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் உள்ள கெப்பாலா பத்தாஸ் போன்ற ஓர் ஊரில் இருந்து பார்க்கும்போது இந்தக் கருத்து தவறு என்பதோடு நிற்கவில்லை, தீங்கும் செய்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் நல்ல நோக்கம் உள்ளவர்கள் என்பதால் அந்தத் தீங்கு குறைந்துவிடாது.

அவர்கள் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். நம் இசை குருமுகமாக வருவது. ஆரோகணமும் அவரோகணமும் தெரிந்தவன் ராகம் தெரிந்தவன் ஆகமாட்டான். பிடியும் கமகமும் காதால் கேட்டு வர வேண்டியவை. நாடகமும் அப்படியே, மேடையில் நின்றவனுக்குத்தான் அதன் நெளிவுசுளிவு தெரியும். அரைகுறையாக எழுதிய கட்டுரை, எழுதாத கட்டுரையைவிட ஆபத்தானது. ஒருவர் போட்ட தப்பான தேதியை அடுத்தவர் எடுத்து மலரில் போடுவார், அந்த மலரையே இன்னொருவர் சான்றாகக் காட்டுவார். புனைபெயரில் எழுதுகிறவரைப் பிடித்துக் கேள்வி கேட்கவும் முடியாது. கூலி இல்லாத வேலையில் யாருக்கும் முழுக் கவனம் இருக்காது. பத்திரிகையிலும் நூலிலும் ஏறாத நம் கலைஞர்களுக்கு விக்கிப்பீடியாவின் விதிகளே இடம் தராது. இந்த ஐந்தும் யோசித்துச் சொல்லப்பட்டவைதான். ஐந்துக்கும் பதில் இருக்கிறது.

1. தமிழில் கலைக்களஞ்சியம் செய்தவர்கள் யார்? இந்தக் கேள்வியோடு தொடங்கினால், கற்றவர்களுக்குத்தான் எழுதத் தகுதி என்ற வாதம் எழுந்து நிற்கவே முடியாது. 'அபிதான சிந்தாமணி'யை 1910-இல் அச்சில் கண்ட ஆ. சிங்காரவேலு முதலியார் பள்ளிக்கூடத் தமிழாசிரியர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தபோது அதன் முதன்மை ஆசிரியராக இருந்த பெ. தூரன் கணிதம் படித்து ஆசிரியர் வேலை பார்த்தவர். கீர்த்தனை இயற்றியவரும் அவரே. இசைக்கு வருவோம். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். சொந்தப் பணத்தில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இல்லாமல் முத்துசாமி தீட்சிதர் மரபைப் பற்றி இன்று யாரும் பேச முடியாது. அதன் ஆசிரியர் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் சொத்தாக வைத்திருந்ததை எழுதி அச்சில் தர வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார், சென்னைச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். வித்துவானிடம் இருந்த அறிவை ஊரறியக் கொண்டுவர, கச்சேரி மேடை ஏறாத ஒருவர் தேவைப்பட்டார். நாடகத்தில் பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் வாழ்ந்தவர். அவர் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை பொழுதுபோக்கு நடிகர்களின் சபை. தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் முதலில் கையில் எடுப்பது அவருடைய 'நாடக மேடை நினைவுகள்'. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் போட்ட இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். இந்த வரிசையில் அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. முன்னவர்கள் செய்ததைத் தொடர்ந்தார். வேறு தொழில் செய்துகொண்டே தமிழுக்காக ராத்திரி விழித்தவர்களை எல்லாம் தகுதி இல்லாதவர்கள் என்று ஒதுக்கினால் நம் அலமாரியில் என்ன மிஞ்சும்?

2. பிழை இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. மறைக்க வேண்டிய தேவை இல்லை. 2005-இல் ஜான் சைகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய பெரும் பொய் ஆங்கில விக்கிப்பீடியாவில் சுமார் நான்கு மாதம் கிடந்தது. கோவாவில் நடக்கவே நடக்காத 'பிச்சோலிம்' போரைப் பற்றிய கட்டுரை 2007-இல் ஏறி, நல்ல கட்டுரை என்ற அடையாளமும் வாங்கி, 2012 கடைசியில்தான் நீக்கப்பட்டது. இவற்றைச் சுட்டுகிறவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: அறிஞர் குழு செய்த நூலில் ஏறிய பிழை எவ்வளவு காலம் இருந்தது? 1934-இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டோர்ட்' என்று இல்லாத ஒரு சொல் ஏறிவிட்டது. ஆசிரியர் குழுவே அதை 1939-இல் கண்டுபிடித்தும், அச்சில் நீங்க 1947 ஆயிற்று. 2005-இல் 'நேச்சர்' அறிவியல் இதழ் 42 கட்டுரைகளை எடுத்துத் துறை வல்லுநர்களிடம் கொடுத்தபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழையும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழையும் கிடைத்தன. அந்த ஒப்பீட்டைப் பிரிட்டானிக்கா கடுமையாக மறுத்தது. மறுப்பில் பாதியை ஏற்றாலும், ஒரு பக்கம் முழு இருட்டு, மறுபக்கம் முழு வெளிச்சம் என்ற பேச்சுக்கு இடம் இல்லை.

இதைவிட முக்கியமானது பிழை வெளியே தெரியும் விதம். விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரையிலும் மேலே 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இந்த வரியை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கு மாற்றியது என்று ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே உரையாடல் பக்கம். ஒரு பாடகரின் பிறந்த ஆண்டை ஒருவர் மாற்றினால், கவனிப்புப் பட்டியலில் அந்தக் கட்டுரையை வைத்திருக்கும் இன்னொருவர் வந்து, சான்று எங்கே என்று கேட்பார், இல்லை என்றால் மீளமைப்பார். பொறுப்பேற்க ஆள் இல்லை என்பது இங்கே பொருந்தாது. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிவு இருக்கிறது. நம் விழா மலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு முந்திய மலரில் ஒரு நாகஸ்வர வித்துவானின் ஊர் தப்பாகப் போயிருந்தால் அதை யார் திருத்தினார்கள், எப்போது, எந்த ஆதாரத்தில்? அந்தத் தப்பு ஆயிரம் பிரதிகளில் அப்படியே கிடக்கிறது, அடுத்த மலர் அதிலிருந்து பெயர்த்தெழுதுகிறது. பெயரும் பட்டமும் அச்சிட்டிருப்பதாலேயே ஒரு பக்கம் நம்பத் தக்கதாகிவிடாது. வாசகர் தாமே போய்ச் சரிபார்க்க வழி திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

3. குருமுகமாக வரும் கலையைக் கட்டுரையில் கொண்டுவர முடியாது என்பது உண்மை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. கல்யாணி ராகத்தைப் பற்றிய கட்டுரை யாருக்கும் கல்யாணி பாடக் கற்றுத்தராது. 65-ஆம் மேளத்துக்கு மேசகல்யாணி என்றும் தீட்சிதர் மரபில் சாந்தகல்யாணி என்றும் இரண்டு பெயர் ஏன் வழங்குகிறது என்று அது சொல்லும். 28-ஆம் மேளம் ஒரு மரபில் ஹரிகாம்போதி, இன்னொன்றில் ஹரிகேதாரகௌள. முதல் மேளம் கனகாங்கி, அல்லது கனகாம்பரி. ஒரு குருவிடம் படித்தவருக்கு அவருடைய மரபின் பெயர்தான் சரி, அடுத்தது பிழை. அது குருபக்தி, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கலைக்களஞ்சியம் இரண்டு மரபையும் அருகருகே வைத்து, எது எந்த நூலில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். தனி ஆளாக எழுதும் வித்துவானுக்கு அது மனம் ஒப்பாத வேலை. வேறு வேறு ஆசிரியரிடம் படித்த நாலு பேர் ஒரே பக்கத்தில் எழுதும்போது, ஒருவர் பெயரை ஒருவர் அழித்து, உரையாடல் பக்கத்தில் மோதி, கடைசியில் இரண்டையும் வைக்கும் இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். நடுநிலை நோக்கு என்று அவர்கள் சொல்வது இதைத்தான். 22 சுருதிக் கொள்கையை மறுத்து 24 என்று ஆபிரகாம் பண்டிதர் வாதாடினார். அவர் தரப்பையும் மறுதரப்பையும் ஒரே பக்கத்தில் படிக்கும் மாணவர், தம் குருவிடம் போகும்போது நல்ல கேள்வியோடு போவார். குருவுக்கு இதில் என்ன நட்டம்?

4. கூலி கொடுத்தால் தரம் வந்துவிடுமா? இந்தச் சோதனை தமிழில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 2009-ஐ ஒட்டிக் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. நீளமான கட்டுரைகள், எண்ணிக்கையும் கணிசம். தமிழ் வாசகர் அதிகம் தேடாத அமெரிக்கப் பாப் பாடகர்களும் ஹாலிவுட் படங்களும் அவற்றில் நிறைய. வாக்கியங்களோ ஆங்கிலத்தின் எலும்பில் தமிழ்த் தோல் போர்த்தியவை. எழுதியவர்கள் வேலையை முடித்ததும் போய்விட்டார்கள். உரையாடல் பக்கத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. குறைகளைப் பட்டியலிட்டு, 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாடுவரை கொண்டுபோய்ச் சொன்னவர்கள் காசு வாங்காத தமிழ் விக்கிப்பீடியர்கள்தான். பின்னாளில் அந்தப் பக்கங்களைத் துப்புரவு செய்ய உட்கார்ந்தவர்களும் அவர்களே. தன்னார்வலர் எல்லோரும் கவனமானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2020-இல் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் நடந்தது எல்லோருக்கும் பாடம்: அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தப்பும் தவறுமாக எழுதியது அப்போதுதான் வெளியே வந்தது. ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை? மொழி தெரிந்தவர்கள் எட்டிப் பார்க்கவே இல்லை. அறிந்தவர்கள் ஒதுங்கி நின்றால் அறியாதவர்கள் நிரப்புவார்கள். விக்கிப்பீடியாவை நம்பாதே என்று சொல்லிவிட்டு ஒதுங்கும் ஒவ்வொரு வித்துவானும், தாம் அஞ்சும் அந்த நிலைமையைத் தாமே உண்டாக்குகிறார்.

இப்போது கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்கிறது, இனிக் கட்டுரை எதற்கு என்று இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்த இயந்திரங்கள் படித்து வளர்ந்த ஏடுகளில் விக்கிப்பீடியா முக்கியமானது. செபராங் பிறையின் உறுமி மேளக் குழுக்களைப் பற்றி எங்கும் எழுதப்படாமல் இருந்தால், இயந்திரம் வாய் மூடி இருக்காது. தமிழ்நாட்டில் எங்கோ படித்ததை எடுத்து நமக்குப் பொருத்திச் சொல்லும்.

5. கடைசி வாதம்தான் கனமானது. கட்டுரையில் சொல்வது எதுவும் ஏற்கெனவே அச்சிலோ நம்பத் தக்க ஊடகத்திலோ வெளிவந்திருக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படை விதி, மெய்யறிதன்மை என்பார்கள். ஒருவருக்குத் தனிக் கட்டுரை வேண்டுமானால் அவர் குறிப்பிடத்தக்கவர் என்று பிறர் எழுதியிருக்க வேண்டும். சென்னைக் கலைஞருக்குப் பத்திரிகை விமர்சனம் உண்டு, நூல் உண்டு, விருதுப் பட்டியல் உண்டு. தோட்டத்தில் கூத்துக் கட்டியவருக்கு என்ன உண்டு? எனவே இந்த விதி நம்மைப் போன்றோரை வெளியே நிறுத்துகிறது என்கிறார்கள். நிலைமையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் குற்றவாளியைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள்.

நம் பகுதியையே பாருங்கள். செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. பிறகு தோட்டத் துண்டாடல் வந்து, குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறின. கோவில் மேடை, திருவிழா நாடகம், தப்பு, உறுமி, எல்லாவற்றின் காகிதங்களும் அந்தச் சிதறலோடு போயின. தண்ணீருக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் நடந்ததோ வேறு. இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் வந்து ஆடின. அதைப் பார்த்து 1885-இல் மாமாக் புஷி அங்கே மலாய்க் குழு ஒன்றைத் தொடங்க, பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் பிறந்தது. அதன் வரலாற்றைப் பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தான் சூய் பெங் நூலாக எழுதி 1993-இல் வெளியிட்டார். அந்த நூல் இருப்பதால் பங்சாவானுக்கு எந்த மொழி விக்கிப்பீடியாவிலும் சான்றோடு கட்டுரை எழுத முடிகிறது. அதே பார்சி மேடையின் தாக்கத்தோடு வளர்ந்து கப்பலேறி வந்த தமிழ் நாடகத்துக்கு, இங்கே அது என்ன ஆயிற்று என்பதற்கு, அப்படி ஒரு நூலை நாம் எழுதி வைத்தோமா? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். எழுதி வைத்தவர்களுக்கு அது கதவு, எழுதாதவர்களுக்குச் சுவர்.

இந்தச் சுவரை உடைக்கும் வேலை எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன எடுத்துக்காட்டால் காட்டலாம். நம் பழைய நாடக நோட்டீஸ்களில் கிழமை இருக்கும், தேதி இருக்கும், இரவு எத்தனை மணி என்று இருக்கும். ஆண்டு மட்டும் இருக்காது. 'ஆகஸ்டு 12, சனிக்கிழமை, இரவு 9 மணி' என்று ஒரு நோட்டீஸ் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நாட்காட்டியைப் புரட்டினால் அந்தத் தேதி சனிக்கிழமையில் விழுந்த ஆண்டுகளில் 1939, 1944, 1950, 1961 ஆகியவை வரும். 1944 ஜப்பானியர் காலம். 1961 மெர்டேக்காவுக்குப் பிந்தியது. டிக்கெட் விலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆட்சி மாறினாலும் நமக்கு அது வெள்ளிதான். இனி, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரை அறிந்த ஒருவர் வேண்டும். ராஜபார்ட் நடிகர் எந்த ஆண்டு கப்பலில் வந்தார் என்று அறிந்த இன்னொருவர் வேண்டும். அந்த வாரத்துத் 'தமிழ் நேசன்' இதழைப் புரட்டிப் பார்க்க மூன்றாமவர் வேண்டும். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையும் 2019-இல் நின்றுவிட்டது. ஒரு நோட்டீஸுக்கே மூன்று பேர். எவ்வளவு பெரிய வித்துவானும் தனியாளாக இதைச் செய்துவிட முடியாது. தெரிந்தவர்கள் கூடினால் ஒரு வாரத்தில் முடியும். கூடி எழுதுவது தரத்தைக் கெடுக்கும் என்பவர்கள் இந்த ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஆண்டு கண்டுபிடித்துக் காட்டட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துப்பறியும் முடிவை நேரடியாக விக்கிப்பீடியாவில் போட முடியாது, போடவும் கூடாது. சொந்த ஆய்வு அங்கே ஏறாது. முதலில் அது ஓர் இதழிலோ நூலிலோ மலரிலோ, எழுதியவர் பெயரோடும் ஆதாரத்தோடும் வர வேண்டும். பிறகு தன்னார்வலர் அதைச் சான்றாகக் காட்டி எழுதுவார். இந்த ஒழுங்கை நான் தடையாகப் பார்க்கவில்லை. வாய்ச்சொல்லை அச்சாக்கு, அச்சைச் சான்றாக்கு என்று நம்மை நெட்டித் தள்ளும் நல்ல நெருக்கடி அது. பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தன்னார்வலர் குழு ஒன்று தேசிய நூலகத்தோடு கைகோத்து, நாட்டின் ஐம்பதாம் ஆண்டான 2015-ஐ ஒட்டித் தமிழ் இலக்கிய நூல்களை மின்னாக்கியது. அதே முயற்சி பிறகு நாடகம், இசை, நடனம் என்று விரிந்தது. இலங்கைத் தமிழர் 2005-இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, போருக்கு நடுவிலும் ஏடுகளையும் இதழ்களையும் வருடி ஏற்றினார்கள். அவர்களுக்கும் சம்பளம் கொடுக்கப் பெரிய பல்கலைக்கழகம் காத்திருக்கவில்லை. இன்று யாழ்ப்பாணத்துக் கூத்து ஆசிரியரான அண்ணாவி ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுத நினைப்பவர், வீட்டில் உட்கார்ந்தபடியே சான்று தேடத் தொடங்கலாம். இங்கேயும் சட்டமே நமக்குத் துணை நிற்கிறது: 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் வைப்புச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நம் விழா மலர்களும் நினைவு மலர்களும் அங்கே போய்ச் சேர்கின்றனவா என்று ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

1968-இல் நம் அச்சுக் கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதி வந்தது. அதற்குப் பிறகு பினாங்கின் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 'ஆலிகேட்ஸ்' குழுவில் பாடி மலாய் இசையில் தனி இடம் பிடித்தார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தும்விட்டார். யோகி பி 2006-இல் நட்சத்திரா குழுவோடு 'வல்லவன்' வெளியிட்டு, தமிழ் ராப் என்றால் மலேசியா என்று சென்னையையும் திரும்பிப் பார்க்க வைத்தார். இன்று மின்னல் என்று அழைக்கப்படும் வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தலை நரைத்துவிட்டது. எந்த அறிஞர் குழு இவற்றுக்காகப் பதினோராவது தொகுதி போட உட்கார்ந்திருக்கிறது?

விக்கிப்பீடியாவை நம்பாதீர்கள் என்று சொல்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நம்ப வேண்டாம், திறந்து பாருங்கள். உங்கள் துறையில் ஒரு கட்டுரையை எடுத்து, தப்பான வரியைத் திருத்தி, எந்த நூல், எந்தப் பக்கம் என்று குறிப்பிடுங்கள். கணினி பழக்கம் இல்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதச் செய்யுங்கள். அடுத்த கும்பாபிஷேக மலரிலோ அரங்கேற்ற அழைப்பிதழிலோ தவில்காரர் பெயரையும் அவருடைய ஆசிரியர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். தேதிக்குப் பக்கத்தில் ஆண்டையும் போடுங்கள்.